உருண்டையும் பெட்டியும் நடுவில் ஓர் உருளையும்

ஜேர்மன் நகரமொன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பில் சில ஆண்டுகள் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஒருமுறை திண்ம வடிவங்களின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கரும்பலகையில் கோளம், உருளை, சதுரமுகி, கனவுரு, கூம்பு என்று ஐந்து நிரல்கள் போட்டேன். அடுத்த கிழமை வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாமான் கொண்டுவாருங்கள், எது எந்த நிரலில் வரும் என்று பார்ப்போம் என்றேன். தோடம்பழம் வந்தது. மீன்ரின் வந்தது. நெருப்புப்பெட்டி, லூடோக் கட்டை, பிறந்தநாள் தொப்பி எல்லாம் வந்தன. ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, தன் அம்மம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னப் பனையோலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை மேசையில் வைத்து, விரலைக் கடகத்தின் அடிமூலையில் ஊன்றி, மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போய், விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சேர், கீழை நாலு மூலை இருக்கு. மேலை போகப் போக மூலை இல்லை. அது எங்கை போனது?"

இது எங்கள் பட்டியலில் இல்லாத வடிவம் என்று சொல்லிவிட்டு, கடகத்தை ஒரு பக்கத்தில் வைத்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அன்று எனக்கு அது ஒரு பிழையாகப் படவில்லை. பல காலத்திற்குப் பிறகு துயூரிங்கியா மாநிலத்தில் ஷ்வைனா என்ற ஊரிலுள்ள ஒரு கல்லறையின் முன்னால் நின்றபோதுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

அந்தக் கல்லறையின் நினைவுக்கல்லில் வழக்கமான தேவதையோ உடைந்த தூணோ இல்லை. அடியில் ஒரு சதுரமுகி. அதன்மேல் ஓர் உருளை. உச்சியில் ஒரு கோளம். மூன்றும் கல்லிலே செய்யப்பட்டவை. அதன் கீழே கிடப்பவர் பிரெடரிக் புரோபல். 'கிண்டர்கார்டன்' என்ற சொல்லை உலகத்திற்குக் கொடுத்தவர். சிறுபிள்ளையின் கையில் உருண்டையையும் கட்டையையும் கொடுத்து, அதிலிருந்து உலகத்தின் வடிவங்களைக் காணப் பழக்கவேண்டும் என்று முதன்முதலில் ஒரு முறையாக வகுத்துச் சொன்னவர். தன்னுடைய முறை தன் நாட்டின் மிகப்பெரிய அரசால் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் இறந்தவர்.

இந்த மூன்று வடிவங்களும் அந்தக் கல்லறைக்கு எப்படி வந்தன, அங்கிருந்து எங்கெல்லாம் போயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புரோபல் 1782ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் திகதி துயூரிங்கியக் காட்டிலுள்ள ஓபர்வைஸ்பாஹ் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை லூதரன் சபைப் போதகர். பிள்ளைக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது தாய் இறந்துபோனார். தந்தைக்குச் சபை வேலை. சிறிய தாய்க்குத் தன் பிள்ளை. பத்து வயதில் தாய்வழி மாமன் கூட்டிக்கொண்டு போகும்வரை அந்தச் சிறுவன் பெரும்பாலும் தனியாகவே வளர்ந்தான். பிறகு வனத்துறை வேலை பழகினார். யேனாப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் படித்தார். கடன் கட்டமுடியாமல் அந்தப் பல்கலைக்கழகத்தின் காவலறையிலேயே சில வாரங்கள் கிடந்தார். கட்டடக்கலை படிக்கவென்று 1805இல் பிராங்பேர்ட் நகருக்குப் போனவர், அங்கே ஒரு பாடசாலையில் ஆசிரியரானார். தன்னுடைய இடம் இதுதான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காலத்தில் பிள்ளைக் கல்வி என்றால் எல்லோரும் பேசிய பெயர் சுவிற்சர்லாந்தின் பெஸ்டலோசி. அவருக்கு முன்னர் கொமேனியஸ் 1658இல் வெளியிட்ட படப்புத்தகம் சொல்லுக்குப் பக்கத்தில் பொருளின் படத்தை வைத்தது. பெஸ்டலோசி இன்னும் ஓர் அடி முன்னே போய், படத்தையும் தள்ளிவைத்துவிட்டுப் பொருளையே பிள்ளையின் முன் வைக்கச் சொன்னார். எண், வடிவம், சொல் என்ற மூன்றுமே அறிவின் தொடக்கம் என்பது அவருடைய கொள்கை. புரோபல் 1808 முதல் 1810 வரை இவெர்டோனில் இருந்த அவருடைய பாடசாலையில் தங்கிப் பார்த்தார். வியந்தார். ஆனால் அவருக்கு ஒரு குறையும் தெரிந்தது. ஒவ்வொரு பொருளாகக் காட்டப்படுகிறது. ஒரு பொருளுக்கும் மற்றதற்கும் என்ன உறவு என்பது காட்டப்படவில்லை.

அந்த உறவை அவர் கண்டது கற்களில். பேர்லினில் கிறிஸ்தியான் சாமுவேல் வைஸ் என்ற பேராசிரியர் பளிங்குருக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் போய்த் திரும்பிய புரோபல், 1814இலிருந்து 1816வரை வைஸின் கனிமக் காட்சிச்சாலையில் உதவியாளராக வேலை செய்தார். நாள் முழுவதும் கற்களைப் பிரித்து அடுக்குவதே வேலை. ஒரு சதுரமுகியின் மூலைகளை ஒரேயளவாக வெட்டிக்கொண்டே போனால் அது எண்முகியாக மாறும். விளிம்புகளை வெட்டினால் இன்னொன்றாகும். பளிங்குகளைப் பார்க்கிறவனுக்கு வடிவங்கள் தனித்தனிச் சாதிகளாகத் தெரியமாட்டா. ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டிருப்பதே தெரியும். தாயில்லாமல் வளர்ந்த அந்த மனிதருக்கு, ஒன்றோடொன்று சேராமல் கிடக்கும் எதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்ற தவிப்பு வாழ்நாள் முழுவதும் இருந்தது என்று நினைக்கிறேன். அதை அவர் தத்துவமாகவும் எழுதினார்; 1826இல் வெளிவந்த 'மனிதனின் கல்வி' என்ற அவருடைய நூல் படிப்பதற்கு இலேசானதல்ல. ஆனால் அதே தவிப்பை மரத்தில் கடைந்து பிள்ளையின் கையில் கொடுத்தபோது அது எல்லோருக்கும் விளங்கியது.

1837இல், 55 வயதில், பிளாங்கன்பூர்க் என்ற சிற்றூரில் அவர் சிறுபிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'கொடைகள்'. 1840ஆம் ஆண்டு யூன் 28ஆம் திகதி 'கிண்டர்கார்டன்', அதாவது பிள்ளைத் தோட்டம், முறைப்படி நிறுவப்பட்டது.

முதற்கொடை, கம்பளி நூலால் பின்னிய ஆறு நிறப் பந்துகள். பால்குடிப் பிள்ளைக்கே அதைக் கொடுக்கலாம். நூலில் கட்டி ஆட்டும்போது பந்து வரும், போகும். மறையும், திரும்பத் தோன்றும். இரண்டாவது கொடைதான் ஷ்வைனாக் கல்லறையில் இருப்பது: மரத்தாலான கோளம், சதுரமுகி, உருளை. கோளத்தைத் தொட்டால் ஓடும். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். சதுரமுகி வைத்த இடத்தில் நிற்கும். திருப்பத் திருப்ப வேறு முகம் காட்டும், மூலை காட்டும், விளிம்பு காட்டும். ஒன்றுக்கொன்று முழு எதிர். தொடக்கத்தில் இந்த இரண்டுந்தான் இருந்தன. பின்னரே புரோபல் உருளையை நடுவில் சேர்த்தார். நிமிர்த்தி வைத்தால் உருளை சதுரமுகியைப்போல நிற்கிறது. படுக்கவைத்தால் கோளத்தைப்போல ஓடுகிறது. எதிரும் புதிருமான இரண்டுக்கு நடுவில் இரண்டிலும் பங்குள்ள மூன்றாவது ஒன்று.

இதோடு அவர் நிறுத்தவில்லை. அந்தக் கட்டைகளில் சிறு வளையங்கள் பொருத்தி நூலில் தொங்கவிட்டார். சதுரமுகியை ஒரு முகத்தின் நடுவில் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் மூலைகள் மங்கி, உள்ளே ஓர் உருளை தெரிகிறது. உருளையைப் பக்கவாட்டில் கட்டிச் சுழற்றினால் அதனுள்ளே ஒரு கோளம் தெரிகிறது. நூல் ஓய்ந்ததும் பழைய வடிவம் திரும்பி வருகிறது. ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் எந்தப் பெயரும் சொல்லவேண்டியதில்லை. மூலை எங்கே போனது என்று அந்தப் பிள்ளையே கேட்கும்.

மூன்றாவது கொடை இரண்டு அங்குலச் சதுரமுகி. எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பிரியக்கூடியது. அதைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மூடியை உருவி, பெட்டியை மேலே தூக்கவேண்டும். கட்டைகள் சிதறாமல் முழுச் சதுரமுகியாக மேசையில் நிற்கும். முழுமையை முதலில் கண்டபிறகே பிள்ளை பிரிக்கத் தொடங்குகிறது. எட்டுக் கட்டைகளை வைத்துக் கதிரை, வாங்கு, அடுப்பு, படிக்கட்டு என்று தன் வீட்டில் கண்டதையெல்லாம் கட்டலாம். இவற்றைப் புரோபல் வாழ்க்கை வடிவங்கள் என்றார். பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துப் பார்த்தால் அறிவு வடிவங்கள். கோலம்போலச் சுற்றிவர அடுக்கினால் அழகு வடிவங்கள். ஒன்றைக் குலைத்து மற்றதைச் செய்யக்கூடாது. இரண்டு கட்டைகளை நகர்த்திக் கதிரையைக் கட்டிலாக்கவேண்டும். முடிந்ததும் எல்லாக் கட்டைகளையும் திரும்ப முழுச் சதுரமுகியாக்கிப் பெட்டியில் வைக்கவேண்டும்.

இன்று நாங்கள் பிள்ளைகளிடம் 'இந்த வீட்டில் உருளை எங்கே இருக்கிறது, காட்டு' என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியின் மூலம் இங்கே இருக்கிறது. ஆனால் போகும் திசை வேறு. நாங்கள் பொருளைக் காட்டி அதன் வடிவத்தின் பெயரைக் கேட்கிறோம். புரோபலின் பிள்ளை கட்டையை வைத்துப் பொருளைச் செய்தது. செய்த பிறகு வீட்டிலுள்ள அடுப்பு அதன் கண்ணுக்கு முன்னைப்போல இருக்கவில்லை.

இதிலே ஓர் அரசு பயப்படுவதற்கு என்ன இருக்கிறது?

1848இல் ஜேர்மன் நாடுகளில் புரட்சி எழுந்தது. அடுத்த ஆண்டே நசுக்கப்பட்டது. அதன்பின் பிரஷ்ய அரசு எல்லாவற்றிலும் சதியைத் தேடியது. 1851 ஓகஸ்ட் 7ஆம் திகதி, கல்வி அமைச்சர் ஃபொன் றௌமர் கையெழுத்திட்ட ஆணை ஒன்று கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அவை புரோபலின் சோசலிச முறையின் ஒரு பகுதி, இளைஞரை நாத்திகத்துக்குப் பழக்குபவை என்பது குற்றச்சாட்டு. இதிலே ஆள்மாறாட்டமும் இருந்தது. புரோபலின் சகோதரர் மகன் கார்ல் புரோபல், பெண்களுக்கான உயர்கல்வியையும் கிண்டர்கார்டனையும் சேர்த்து ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். இன்னொரு சகோதரர் மகன் யூலியஸ் புரோபல் 1848இன் பிராங்பேர்ட் நாடாளுமன்ற உறுப்பினர். வியன்னாவில் மரணதண்டனை விதிக்கப்பட்டு மன்னிப்புப் பெற்று அமெரிக்காவுக்குப் போனவர். குடும்பப் பெயர் ஒன்றுதான். கிழவர் புரோபல், நான் வேறு ஆள், என்னுடைய முறையை வந்து பாருங்கள் என்று அமைச்சருக்கும் எழுதினார், மன்னருக்கும் எழுதினார். ஆணை மாறவில்லை.

ஆனால் இதை வெறும் ஆள்மாறாட்டம் என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. கிண்டர்கார்டனை ஆதரித்தவர்களில் பலர் உண்மையாகவே 1848இன் ஆட்கள். சுதந்திர சபையினர், பெண் விடுதலை பேசியவர்கள். அங்கே வேதப்பாடம் மனனம் செய்விக்கப்படவில்லை. பெண்கள் பயிற்சிபெற்று ஆசிரியைகளாகச் சம்பளத்திற்கு வேலை செய்தார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு முன்னர் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் கட்டிப் பழகிய பிள்ளை வளர்ந்து எப்படிப்பட்ட பிரசையாக வரும் என்பதை அமைச்சர் ஓரளவு சரியாகவே ஊகித்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரசுகள் இந்த விடயத்தில் அதிகம் பிழைவிடுவதில்லை.

தடை வந்து ஒரு வருடம் நிறையுமுன், 1852 யூன் 21ஆம் திகதி, புரோபல் இறந்துபோனார். பிரஷ்யா தன் தடையை 1860இல்தான் நீக்கியது. கல்லறைக்கு அந்த மூன்று வடிவங்களையும் தெரிந்தவர் அவருடைய நீண்டகாலத் தோழர் மிடன்டோர்ப்.

உள்ளே தடைசெய்யப்பட்டது வெளியே போயிற்று. கொண்டுபோனவர்கள் எங்களைப்போல நாட்டைவிட்டு ஓடியவர்கள்.

யொகான்னஸ் றொங்க என்பவர் கத்தோலிக்கக் குருவாக இருந்து, 1844இல் திரியர் நகரில் புனித அங்கியைக் காட்சிக்கு வைத்ததைக் கண்டித்து எழுதியதால் சபையிலிருந்து விலக்கப்பட்டவர். 1848க்குப் பிறகு லண்டனுக்குத் தப்பிப் போனார். அவரும் அவருடைய துணைவி பேர்த்தாவும் 1851இல் ஹாம்ஸ்டெட்டில் ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார்கள். பேர்த்தாவின் தங்கை மார்கரெத்தே அங்கே உதவிக்கு வந்தார். அங்கேதான் கார்ல் ஷூர்ஸ் என்ற இன்னொரு அகதியைச் சந்தித்தார். முற்றுகையிடப்பட்ட றாஸ்டாட் கோட்டையிலிருந்து கழிவுநீர்க் கால்வாய் வழியாகத் தப்பியவர் ஷூர்ஸ். பிறகு இரகசியமாகத் திரும்பிப் போய்த் தன் ஆசிரியரைச் சிறையிலிருந்து மீட்டுவந்தவர். இருவரும் 1852இல் மணம் முடித்து அமெரிக்காவுக்குப் போனார்கள். விஸ்கொன்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில், 1856இல், மார்கரெத்தே தன் மகளையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் வீட்டில் சேர்த்துவைத்துப் புரோபலின் விளையாட்டுகளைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதற் கிண்டர்கார்டன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். அங்கே பேசப்பட்ட மொழி ஜேர்மன். புதிய நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பழைய நாட்டின் மொழியிலே உலகத்தைக் காட்டிக் கொடுக்கவேண்டும் என்று ஒரு தாய் நினைத்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் நாங்கள் செய்கிறதும் வேறொன்றல்ல.

அதன்பின் பரவியது விரைவாக நடந்தது. 1855இல் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையில் கிண்டர்கார்டன் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதற்கு முதல் வருடந்தான் அவருடைய 'ஹார்ட் டைம்ஸ்' நாவல் வந்திருந்தது. அதிலே குதிரைகளோடு வளர்ந்த ஒரு சிறுமிக்கு வகுப்பில் குதிரைக்கு வரைவிலக்கணம் சொல்லத் தெரியாது. பற்களையும் குளம்பையும் எண்ணி ஒப்புவிக்கும் பையனே குதிரையை அறிந்தவனாகக் கொள்ளப்படுகிறான். பெஸ்டலோசியின் பொருட்பாடம் இங்கிலாந்தின் பல பாடசாலைகளில் போய்ச் சேர்ந்திருந்த இடம் அதுதான். பொருள் மேசையில் இருந்தது. பிள்ளைகள் பட்டியலைப் பாடமாக்கினார்கள்.

புரோபலுக்கும் அதே கதி காத்திருந்தது. பொஸ்டனைச் சேர்ந்த எலிசபெத் பீபொடி, மார்கரெத்தே ஷூர்ஸைச் சந்தித்ததின் பயனாக 1860இல் ஆங்கிலத்தில் ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார். ஏழு வருடங்களின் பின் ஐரோப்பாவுக்குப் போய் உண்மையான கிண்டர்கார்டன்களைப் பார்த்தபோது, தான் நடத்தியது அதுவல்ல என்று அவருக்கு விளங்கியது. திரும்பிவந்து அதை வெளிப்படையாகவே சொன்னார். பிழையை ஒப்புக்கொண்டு மறுபடியும் தொடங்குவது எல்லா ஆசிரியர்களாலும் முடிகிற காரியமல்ல.

அவருடைய பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்களில் ஒருவர் மில்ரன் பிராட்லி. மேசை விளையாட்டுகளைத் தயாரித்து விற்ற வியாபாரி. 1869இல் அவர் புரோபல் முறைக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு, கொடைகளையும் தன் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார். 1873இல் செயின்ற் லூயிஸ் நகரில் சூசன் புளோ அரசாங்கப் பாடசாலைக்குள் கிண்டர்கார்டனைக் கொண்டுவந்தார். 1876இல் டோக்கியோவில் ஒன்று திறக்கப்பட்டது. அங்கேயும் தலைமை ஆசிரியை ஜப்பானியரை மணந்த ஒரு ஜேர்மன் பெண். அதே வருடம் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் கொடைகளைப் பார்த்த ஒரு தாய், தன் ஒன்பது வயது மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அந்த மகன் பிராங்க் லொயிட் றைட். பிற்காலத்தில் பெரும் கட்டடக் கலைஞர். அந்த மரக்கட்டைகள் தன் விரல்களிலேயே தங்கிவிட்டன என்று முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் போகாத ஊர் இல்லை. ஆனால் பெட்டி போன ஊரெல்லாம் கண் போகவில்லை. பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, ஆசிரியை ஒன்று என்றதும் எல்லோரும் மூடியைத் திறந்து, இரண்டு என்றதும் எல்லோரும் ஒரே கட்டையை எடுக்கும் வகுப்புகள் உருவாகின. புரோபலின் சொல் வேதமாயிற்று. ஒன்று மற்றதாக மாறும் அதிசயத்தைக் காட்ட அவர் செய்த பொருளே, மாறாத சடங்கின் பொருளானது.

இந்தக் கதையில் இன்னொரு நாடுகடந்தவரும் உண்டு. அவருடைய கதை எங்கள் கரைவரைக்கும் வருகிறது. மரியா மொன்ரிசோரி 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் ஏழைகள் குடியிருந்த சான் லொறென்சோவில் தன் 'பிள்ளைகள் வீட்டை'த் திறந்தார். அவருடைய சாமான்களிலும் கோளமும் உருளையும் கூம்பும் கூம்பகமும் உண்டு. ஆனால் அவர் பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டினார். தடவிப் பார், என்ன என்று சொல். கை அறிந்ததைத்தான் கண் பிறகு அறிகிறது என்பது அவருடைய எண்ணம். முதலில் அவரைப் போற்றிய முசோலினியின் அரசு 1934இல் அவருடைய பாடசாலைகளை மூடியது. ஜேர்மனியில் நாசிகள் அதற்கு முன்னமே மூடிவிட்டார்கள். அவர் வாழ்ந்த பார்சிலோனாவிலிருந்து 1936இல் உள்நாட்டுப் போர் அவரைத் துரத்தியது. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு அவருடைய மகன் மரியோவைத் தடுப்புக்காவலில் வைத்தது. அவரை அடையாறு வளவுக்குள் இருக்கச்சொன்னது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை அங்கேயும் கொடைக்கானலிலும் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்துபோனார். எங்கள் ஊர்களில் முன்பள்ளிகளுக்கு 'மொன்ரிசோரி' என்றே பெயர் வழங்குவது இப்படி வந்தது. அந்தப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் எத்தனை இடங்களில் பிள்ளைகளின் கைகளுக்கு வேலை இருந்தது, எத்தனை இடங்களில் அரிவரியை ஒப்புவிப்பது மட்டும் நடந்தது என்பதை அங்கே படித்தவர்கள் சொல்லட்டும்.

புரோபலும் மொன்ரிசோரியும் உள்ளுணர்வால் பிடித்ததைப் பின்வந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பியாஜே 1948இல் வெளியிட்ட நூலொன்றில், திரைக்குப் பின்னால் பிள்ளை கையால் தடவிப் பொருட்களை இனங்காணும் சோதனைகளை விவரித்தார். சீப்பையும் திறப்பையும் சிறிய பிள்ளை அடையாளங் காண்கிறது. சதுரத்தையும் முக்கோணத்தையும் பிரித்தறிய அதற்கு மேலும் காலம் வேண்டியிருக்கிறது. அதாவது பழகிய பொருள் முந்தியது, வடிவம் பிந்தியது. 1957இல் ஒல்லாந்தில் வான் ஹீலே தம்பதியர் தங்கள் ஆய்வுகளில் இன்னொன்றைச் சொன்னார்கள். தொடக்கத்தில் பிள்ளை ஓர் உருவத்தை முழுத் தோற்றமாகவே காண்கிறது. பக்கம், மூலை என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. அதனால் ஒரு சதுரத்தைச் சற்றுத் திருப்பி மூலையில் நிறுத்தினால், அது சதுரமல்ல என்று பிள்ளை சாதிக்கும். அந்தப் படியைப் பெயர்களைப் பாடமாக்கித் தாண்டமுடியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் தாண்டவேண்டும்.

இப்போது என்னுடைய வகுப்புக்கு வருகிறேன். ஐந்து நிரல்கள் போட்டேனே, அவற்றின் சொற்களையாவது நான் ஒழுங்காகப் பார்த்திருக்கவேண்டும். உருளை என்ற சொல்லுக்குள் உருளுதல் இருக்கிறது. உருண்டைக்குள்ளும் அதுவே. கூம்பு என்பது பூ இதழ் குவிந்து மூடுகிற வினை. கூம்பிய தாமரை மொட்டைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். எங்கள் மொழி இவற்றுக்குப் பெயர் வைத்தபோதே அவை என்ன செய்கின்றன என்பதைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. ஒரு பேணியை மேசையில் உருட்டிவிட்டு, இது என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால் பிள்ளைகளே 'உருளுது' என்று சொல்லியிருப்பார்கள். அதிலிருந்து உருளைக்கு ஓர் எட்டுத்தான். நானோ சொல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, கரும்பலகையில் ஒட்டி, திரும்பவும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பனையோலைக் கடகம் இழைக்கிறவர்கள் அடியைச் சதுரமாகத் தொடங்குகிறார்கள். ஓலைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அடி சதுரமாகத்தான் வரும். நாலு மூலைகளிலும் ஓலையை மடக்கிச் சுவரை எழுப்பி, மேலே போகப் போக அது தானாகவே வளைந்துகொடுத்து வட்ட விளிம்பில் முடிகிறது. சதுரம் வட்டமாக மாறும் பாதை முழுவதும் அதன் சுவரில் அப்படியே நிற்கிறது. புரோபல் நூலில் கட்டிச் சுழற்றிக் காட்டியதை, எங்கள் ஊரில் பெயர் தெரியாத பெண்கள் திண்ணையில் இருந்து இழைத்திருக்கிறார்கள். சுழற்றத் தேவையில்லை; விரலால் தடவினால் போதும். அந்தப் பிள்ளை தடவியது. அந்த வகுப்பில் அன்று திண்ம வடிவத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வியையும் கேட்டது. நாங்கள் கரைச்சல்பட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. அதை நான் பட்டியலில் இல்லையென்று ஒரு பக்கத்தில் வைத்தேன்.

அவள் இப்போது வளர்ந்த பெண். எங்கேயாவது கண்டால், தமிழில் 'சேர், சுகமா இருக்கிறீங்களா' என்று மரியாதையாகக் கேட்பாள். அதற்குமேல் கதை ஜேர்மனுக்குப் போய்விடும். கோளமும் சதுரமுகியும் அவளுக்கு நினைவிருக்குமா தெரியாது. கேட்டதில்லை. அம்மம்மாவின் கடகம் வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று அடுத்தமுறை கேட்கவேண்டும். இருந்தால், அதை எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லவேண்டும்.